ராஸ் சதஃபின் துபாஷி

ஹோம்புஷ், சிட்னி
8 மார்ச் 1976

திரு. சேஷாத்ரி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தனலெட்சுமி யோகேஸ்வரன். பிறந்தது மலாயாவில், கிள்ளானில். சிட்னியில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். என் கணவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறார். புதிதாக வந்த சஞ்சிகைகளை அடுக்கும்போது ராஸ் சதஃப் என்ற பெயரைப் பார்த்து, அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். எழுதியவர் நீங்கள்.

பாரசீக வளைகுடாவில் உள்ள அந்தச் சின்னத் துறைமுகத்தைப் பற்றி உலகத்தில் யாரும் எழுதுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. ஆசையாகத்தான் படிக்கத் தொடங்கினேன். ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பக்கத்து மன்னரிடம் கையூட்டுப் பெற்ற ராஜரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துத் துபாஷி, பேச்சுவார்த்தையை வேண்டுமென்றே திரித்து மொழிபெயர்த்தார். அதனால் ஹுதைர் பழங்குடி எல்லை கடந்து போயிற்று. வங்கித் திட்டமும் குலைந்தது."

அந்த ராஜரத்தினம் என் அப்பா.

அவர் செத்துப் பதினெட்டு வருசம் ஆகிறது. கையூட்டு வாங்கியதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள்? பதில் எழுதுங்கள். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றுதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் மரியாதையாக மாறிவிடும்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். வீட்டில் அம்மா இருக்கிறார்.

தனலெட்சுமி

---

கார்ல்டன், மெல்பர்ன்
17 மார்ச் 1976

மதிப்பிற்குரிய திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆவணங்களில் வருகிறவர்களுக்கு மகள்கள் இருப்பார்கள் என்று என் ஆய்வு நெறியாளர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நானும் யோசித்ததில்லை. முதலில் என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எழுதியது தவறு என்று இப்போதே சொல்ல முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் மதராஸ்காரன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு ஆய்வு செய்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அரேபியக் கரையில் பிரிட்டிஷார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் பொருள். லண்டனிலிருந்து அந்தக் காலத்துக் கோப்புகளை மைக்ரோஃபிலிமில் வரவழைத்துப் படிக்கிறேன்.

1931-இல் ராஸ் சதஃபில் முத்து வியாபாரம் படுத்துவிட்டது. ஜப்பான் முத்து வந்து சந்தையைக் கெடுத்த நேரம். அங்கே ஒரு வங்கி திறக்க லண்டனுக்கு ஆசை. தாங்கள் திறக்காவிட்டால் இத்தாலியரோ அமெரிக்கரோ திறந்துவிடுவார்கள் என்ற பயம். துறைமுகத்தை ஆண்ட ஷேக்குக்கோ வட்டி என்ற சொல்லே ஆகாது. பிரிட்டிஷ் ஏஜெண்டாக இருந்த மேஜர் கிரேஷம் வட்டிப் பேச்சே வராத ஒரு வழி கண்டுபிடித்தார். பின்நிலத்துப் பாலையில் ஒட்டகம் மேய்த்த ஹுதைர் பழங்குடிக்கு, அமைதியாக இருப்பதற்காக அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுத்துவந்தது. இனி அதை வங்கியில்தான் வந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் வங்கிக்கும் வேலை கிடைக்கும், அலைந்து திரிகிற கூட்டமும் ஒரு பதிவேட்டுக்குள் வந்துவிடும்.

இதை விளக்க 1932 தொடக்கத்தில் பாலையில் ஒரு கூடாரத்தில் பேச்சு நடந்தது. உங்கள் தந்தை துபாஷி. சில நாளில் ஹுதைர் கூட்டம் முழுவதும் எல்லை தாண்டிப் பக்கத்து மன்னரிடம் போய்விட்டது. மேஜர் கிரேஷம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் துபாஷி கையூட்டு வாங்கித் திரித்துச் சொன்னதாக இரண்டே வரி இருக்கிறது. அந்த இரண்டு வரிதான் என் ஆதாரம்.

இரண்டு வரி போதாது என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் கடிதத்துக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. அவருக்கு அரபு எப்படித் தெரியும்? திரும்பி வந்த பிறகு என்ன செய்தார்? தொந்தரவில்லை என்றால் எழுதுங்கள். கோபத்தோடு எழுதினாலும் சரி.

சேஷாத்ரி

---

ஹோம்புஷ்
2 ஏப்ரல் 1976

திரு. சேஷாத்ரி அவர்களுக்கு,

மழுப்பாமல் எழுதியதற்கு நன்றி. கோபம் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பாவின் ஊர் சாவகச்சேரி. ஏடனில் ஒரு நிலக்கரிக் கம்பெனியில் எழுத்தராக இருந்தபோது அரபு பழகினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களோடு பேசிப் பேசி வந்த அரபு. 1927-இல் ஊருக்கு வந்து அம்மாவைக் கல்யாணம் செய்தார். இரண்டு மாதம் இருந்துவிட்டு ராஸ் சதஃபுக்குப் போனார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அங்கே வசதி இல்லையாம். ஐந்து வருசம் கழித்து வேலை போய்த் திரும்பி வந்தார். ஓய்வூதியமும் இல்லை, நற்சான்றிதழும் இல்லை. ஊரில் தலை காட்ட முடியாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். நான் அங்கேதான் பிறந்தேன்.

நீங்கள் எழுதிய கதை எங்களுக்குப் புதிது இல்லை. அவர் வருவதற்கு முன்னமே அது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அரபு ராசாவிடம் பை நிறையக் காசு வாங்கினவர் என்று. அம்மா அதை நம்பினார். ஆனால் வீட்டுக்கு ஒரு சதம்கூட வரவில்லை. அதனால் அம்மா தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். அங்கே அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, காசு அங்கே போனது என்று. இருபத்தாறு வருசம் அவருக்குச் சமைத்துப் போட்டார், அவருடைய சட்டையை மடித்து வைத்தார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் ராஸ் சதஃப் என்ற பெயரைச் சொல்லக்கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். அப்பா கதிரையிலிருந்து எழும்பி வெளியே போய்விட்டார்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. உங்கள் கட்டுரையை என் சீருடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கூடாரத்தில் அப்பாவையும் மேஜரையும் தவிர வேறு யார் இருந்தார்கள்? நான் வார்டில் வேலை செய்கிறவள். ஒரு நோயாளி கீழே விழுந்தால் அறிக்கை எழுதியவரை மட்டும் கேட்க மாட்டோம். அறையில் இருந்தவர்கள் எல்லோரையும் கேட்போம்.

தனலெட்சுமி

---

கார்ல்டன்
29 ஏப்ரல் 1976

திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

"அறையில் இருந்தவர்கள் எல்லோரையும் கேட்போம்." இந்த ஒரு வரி என்னைத் திரும்பவும் மைக்ரோஃபிலிம் கருவி முன்னால் உட்கார வைத்துவிட்டது. ஈஸ்டர் விடுமுறை முழுவதும் அங்கேதான் கழிந்தது.

கூடாரத்தில் இருந்தவர்கள்: மேஜர் கிரேஷம், ஹுதைர் தலைவர், அவருடைய ஆட்கள் சிலர், உங்கள் தந்தை. இவர்களோடு ஒரு விமானப்படை அதிகாரி. அவர் பெயர் பெம்பர்டன், பாஸ்ராவிலிருந்து வந்திருக்கிறார். நான் இதற்கு முன்னால் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விட்டேன். மானியத்தைப் பற்றியும் வங்கியைப் பற்றியும் பேசுகிற இடத்தில் விமான ஓட்டிக்கு என்ன வேலை என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இன்னொரு விஷயமும் இடிக்கிறது. பேச்சு நடந்து மூன்று வாரம் கழித்து எழுதிய ஒரு சாதாரணக் குறிப்பு இருக்கிறது. குடிதண்ணீர் வரி பற்றியது. அதற்கும் உங்கள் தந்தைதான் துபாஷி. எதிராளியிடம் காசு வாங்கினவர் என்று தெரிந்த ஒருவரை ஏன் மூன்று வாரம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்? காசு வாங்கினவரும் ஏன் ஓடிப்போகாமல் மேசையில் உட்கார்ந்து தண்ணீர் வரியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்? தவிர, யார் காசு கொடுத்தது, யார் சொல்லித் தெரிந்தது என்று கோப்பில் எங்குமே இல்லை. தேடிவிட்டேன்.

பெம்பர்டன் உயிரோடு இருக்கிறாரா என்று லண்டனில் முன்னாள் விமானப்படையினர் சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். நம்பிக்கை அதிகம் வைக்க வேண்டாம். அப்போது இளைஞராக இருந்திருந்தாலும் இப்போது எழுபதை நெருங்கியிருப்பார்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

சேஷாத்ரி

---

கார்ல்டன்
5 ஜூலை 1976

திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

பெம்பர்டன் உயிரோடு இருக்கிறார். அதுவும் இங்கே, மெல்பர்னில். போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்து, பிராங்க்ஸ்டனில் மகள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்தாருடைய புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப் போனேன். கையெல்லாம் எண்ணெயோடு வந்து கதவைத் திறந்தார். நல்ல ஞாபகசக்தி, நல்ல குரல். அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் தருகிறேன், எதையும் விடாமல்.

நான் ராஸ் சதஃப் என்றதும் சிரித்தார்.

"எங்களையே மொழிபெயர்த்தானே, அந்த ஆளைப் பற்றியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னார். கூடாரத்தில் காப்பி கொடுத்தார்களாம். மேஜர் கிரேஷம் வெகுநேரம் வங்கியைப் பற்றிப் பேசினாராம். ஹுதைர் தலைவர் வயதானவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். வங்கி என்றால் என்ன என்று கேட்டார். உங்கள் காசைப் பத்திரமாக வைத்திருந்து, நீங்கள் கேட்கும்போது கொடுக்கிற இடம் என்றார் மேஜர். "என் காசைக் கேட்டு வாங்க வேண்டுமா?" என்றார் தலைவர். இதுவரைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு மேஜர் நிபந்தனையைச் சொன்னார். அடுத்த பிறை தெரிவதற்குள் ஹுதைர் குடும்பங்கள் எல்லாம் துறைமுகத்துக்கு அருகிலுள்ள கிணறுகளுக்கு வந்து பெயர் பதிந்துகொள்ள வேண்டும். தலைவர் யோசித்தார். ஒட்டகங்கள் குட்டி போடுகிற காலம், தூரத்தில் இருப்பவர்களால் வர முடியாதே, அவர்களுக்கு என்ன என்று கேட்டார்.

"கிரேஷம் புன்னகை செய்தார்," என்றார் பெம்பர்டன். "நாங்கள் புரிந்து நடந்துகொள்வோம் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அதே புன்னகையோடு ஆங்கிலத்தில் சொன்னார்: 'பிறைக்குப் பிறகு விமானத்திலிருந்து வெளியே யாரைப் பார்த்தாலும் எதிரி என்றே எடுத்துக்கொண்டு, முதலில் மந்தைகளில் தொடங்குங்கள்.' நான் அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். விமானம் பாஸ்ராவில் தயாராக இருந்தது."

"துபாஷி?"

"முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்தான். மூச்சு விட்டான். பிறகு அதே குரலில், அதே வேகத்தில், இரண்டாவது வாக்கியத்தையும் மொழிபெயர்த்தான். எனக்கு அரபு தெரியாது. கிரேஷமுக்கும் அரைகுறைதான். ஆனால் 'தய்யாரா' என்ற சொல் வந்தது. விமானம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கிரேஷமின் முகம் வெளுத்துப்போயிற்று. தலைவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து மார்பில் கைவைத்து மேஜருக்கு நன்றி சொன்னார். மிகவும் மரியாதையாக. போய்விட்டார்."

மேஜர் துபாஷியிடம் என்ன சொன்னாய் என்று கத்தினாராம். உங்கள் தந்தை எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறார். அதைப் பெம்பர்டன் இப்போதும் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுகிறார்: "நீங்கள் இரண்டு வாக்கியம் சொன்னீர்கள், சார். நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன்."

நான் கையூட்டைப் பற்றிக் கேட்டேன். பெம்பர்டன் தோளைக் குலுக்கினார். "அன்றைக்குச் சாப்பிடும்போது கிரேஷம் சொன்னார், அந்த ஆள் முன்னாலேயே நான் அதைச் சொன்னேன் என்று மேலிடத்துக்கு எப்படி எழுதுவேன் என்று. ரகசியத்தை வெளியிட்டான் என்று எழுதினால் அவன் ஜெயிலுக்குப் போவான், விசாரணையில் இவர் பெயரும் சேர்ந்து சந்தி சிரிக்கும். காசு வாங்கினான் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அப்படித்தான் எழுதினார். வேறு துபாஷி வருகிறவரை அவனையே வைத்துக்கொண்டார். அவருக்கு வேறு ஆள் இல்லை."

பிறைக் கெடு முடிந்து பெம்பர்டன் பாலைமேல் பறந்து பார்த்தாராம். அடுப்புச் சாம்பலைத் தவிர ஒன்றுமில்லை. "எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காலியாகக் கிடந்த அந்த மணலைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பிறகு எனக்கு வந்ததே இல்லை," என்றார்.

இதை ஏன் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லை. நீதான் முதல் ஆள்," என்றார். உங்கள் தந்தை பிறகு என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வெகுநேரம் கழுவினார்.

சேஷாத்ரி

---

ஹோம்புஷ்
14 ஜூலை 1976

சேஷாத்ரி அவர்களுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். மருத்துவமனைச் சாப்பாட்டு அறையில். கூட வேலை செய்யும் பெண் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலாயாவில் நாங்கள் நாலு தோட்டம் மாறினோம். ஏன் மாறுகிறோம் என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஓரிடத்தில் நிலைக்கத் தெரியாது என்று அம்மா சொல்லுவார். ஒரு தோட்டத்தில் நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ஜப்பான்காரன் போய்த் திரும்பவும் வெள்ளைக்காரன் வந்த சமயம். புதுத் துரை பால்வெட்டுகிற சனங்களை நிறுத்தி வைத்துப் பேசினார். அப்பா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி என்று துரை சொன்னார். அப்பா சொன்னார். பிறகு துரை தன் உதவியாளர் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். அப்பா அதையும் சொன்னார்: "இந்த மாடுகளுக்கு இவ்வளவு பேச்சுப் போதும் என்கிறார் துரை."

சனம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த மாதம் நாங்கள் சாமான் கட்டினோம்.

அவர் விளையாட்டாகச் செய்தார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள். அதே சஞ்சிகையில், அதே அளவு எழுத்தில். அது அச்சில் வந்த பிறகுதான் அம்மாவிடம் சொல்வேன். வெறும் வாயால் சொன்னால் அப்பாவுக்காக மகள் கட்டின கதை என்று தள்ளிவிடுவார்.

தனலெட்சுமி

---

ஹோம்புஷ்
10 செப்டம்பர் 1976

சேஷாத்ரி அவர்களுக்கு,

ஜூலையில் எழுதினேன். ஆகஸ்டில் ஒரு தபாலட்டை போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் மன்னியுங்கள். இல்லையென்றால் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். முதல் கடிதத்தில் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

தனலெட்சுமி

---

கார்ல்டன்
20 செப்டம்பர் 1976

திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கையூட்டின் மேல் நிற்கிறது. அரேபியக் கரையில் இரண்டு பணப்பைகள் போட்டி போட்டன, ஒன்று லண்டனுடையது, மற்றது பக்கத்து மன்னருடையது, பழங்குடி பெரிய பையின் பக்கம் சாய்ந்தது என்பது என் வாதம். மன்னரின் பையிலிருந்து காசு வெளியே வந்ததற்கு உங்கள் தந்தை மட்டுமே உதாரணம். அவரை எடுத்துவிட்டால் அத்தியாயம் விழுந்துவிடும். டிசம்பரில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஆய்வேடு ஏற்கப்பட்டால்தான் நீட்டிப்பு. நீட்டிப்பு இல்லையென்றால் விசாவும் இல்லை.

நெறியாளரிடம் போனேன். அலுவலக அறிக்கைக்கு எதிராக, புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கிற ஒரு கிழவரின் நாற்பத்து நான்கு வருஷத்து ஞாபகம் செல்லாது என்றார். அடிக்குறிப்பில் 'மாற்றுக் கருத்தும் உண்டு' என்று போட்டால் போதும் என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆகஸ்ட் முழுவதும் அந்த அடிக்குறிப்பைத்தான் அழகாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அதை முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை. கிரேஷம் இரண்டு வரியில் ஒரு மனிதரை முடித்தார். நான் அதே வேலையை ஒன்றரை வரியில் செய்திருந்தேன்.

போன வாரம் மறுபடி பிராங்க்ஸ்டன் போனேன். பெம்பர்டன் தன் வாக்குமூலத்தை ஒரு வழக்கறிஞர் முன்னால் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்டார். கேட்டதும் சம்மதித்தார். நான்காம் அத்தியாயத்தைக் கலைத்துவிட்டேன். வங்கி எப்படி வலையாகப் பின்னப்பட்டது, பதிவேடு எப்படி விமானத்துக்கு வழிகாட்டியாக இருந்திருக்கும் என்று புதிதாக எழுதுகிறேன். டிசம்பருக்குள் முடியாது. முடியாவிட்டால் மதராஸில் உட்கார்ந்து முடிப்பேன். நெறியாளர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் நேற்று வந்து, அந்த விமானி வேறு என்ன சொன்னார் என்று கேட்டார்.

சஞ்சிகை என் திருத்தத்தை வெளியிட ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கான பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் சம்மதமில்லாமல் அனுப்ப மாட்டேன்.

"ராஸ் சதஃப் துபாஷி ராஜரத்தினம் கையூட்டுப் பெற்றதாக நான் எழுதியது ஆதாரமற்றது. அவர் எதையும் திரித்துச் சொல்லவில்லை. நேர்மையான, அப்பாவியான அந்த ஊழியர் தம் கடமையை மட்டுமே செய்தார். அவர் முன்னிலையில் பேசப்பட்டதை மொழிபெயர்த்ததற்காகப் பழிசுமத்தப்பட்டார்."

தாமதத்துக்கு மன்னியுங்கள்.

சேஷாத்ரி

---

ஹோம்புஷ்
3 அக்டோபர் 1976

அன்புள்ள சேஷாத்ரி அவர்களுக்கு,

விசா விஷயம் தெரியாமல் கோபமாக எழுதிவிட்டேன். என் கணவர் யோகேஸ்வரன், இங்கே சிட்னியில் ஏதாவது இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார். நிச்சயமில்லை. சொல்லி வைக்கிறேன்.

அச்சில் வரும்வரை அம்மாவிடம் சொல்வதில்லை என்று எழுதியிருந்தேன். பொறுக்க முடியவில்லை. போன ஞாயிறு பின்னேரம் அம்மா குசினியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து உங்கள் ஜூலைக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். முதலில் தலை நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"அங்கை இருந்த வெள்ளைக்காரன் அம்மா. இன்னும் உயிரோடை இருக்கிறார்."

"அந்த மேஜர் சொன்னதைத் திருப்பி வாசி."

வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். 'முதலில் மந்தைகளில் தொடங்குங்கள்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுகளுக்குள்ளை பிள்ளையளும் இருந்திருக்குமே?"

"ஓம் அம்மா. குடும்பம் குடும்பமாத்தான் இருந்தவை."

"அப்ப அங்கை வேறை ஆக்கள் எண்டு ஒண்டும் இல்லை?"

"இல்லை அம்மா. காசும் இல்லை, வேறை ஆக்களும் இல்லை."

அம்மா அழவில்லை. அழுவார் என்று நினைத்துத் துவாயை எடுத்து வைத்திருந்தேன். நறுக்கின பயற்றங்காயைச் சட்டியில் அள்ளிப் போட்டார். பிறகு, என்னை இல்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார்: "ஊர் உலகத்துக்கெல்லாம் எடுத்துச் சொன்ன மனுசன், எனக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அப்பா என்ன நினைத்திருப்பார்? சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்று நினைத்தாரா? அம்மாவாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாரா? அம்மா அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

இனிப் பத்தியைப் பற்றி. 'நேர்மையான, அப்பாவியான' என்பதை எடுத்துவிடுங்கள். 'கடமையை மட்டுமே' என்பதையும். அவர் அப்பாவி இல்லை. இரண்டாவது வாக்கியம் தனக்கு இல்லை, அந்தத் தலைவருக்கும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூச்சு விட்டார் என்று பெம்பர்டன் சொன்னாரே, அந்த மூச்சில் அவர் யோசித்திருக்கிறார். வேலை போகும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். தெரியாமல் நடந்தது போல எழுதி அவரைத் திரும்பவும் சின்ன ஆளாக்க வேண்டாம். 'சொல்லக்கூடாது என்று தெரிந்தும் சொன்னார்' என்று எழுதுங்கள். அவ்வளவு போதும்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தானாகக் கேட்டார், அந்த எழுதுகிற தம்பி அப்பாவின் பேரை எப்படிப் போடுகிறார் என்று. ராஜரத்தினம் என்று போடுகிறார் என்றேன். அப்படிப் போட்டால் ஆர் எவர் என்று ஒருவருக்கும் விளங்காது, சாவகச்சேரி வேலுப்பிள்ளை ராஜரத்தினம் என்று முழுக்கப் போடச் சொன்னார். சரி என்றேன். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவடியில் நின்றார்.

"அவருக்கு ஒரு மனிசி இருந்தவள் எண்டும் போடச் சொல்லு," என்றார். "ஞானம்மாள் எண்டு."

இடமிருந்தால் போடுங்கள்.

தனலெட்சுமி